ஏழின் வீடும் எட்டின் வாசலும்

தலகொல்லவெவ ஊரில் போன சித்திரையில் புத்தாண்டு மூன்று தடவை பிறந்தது.

முதல் வெடி குளக்கட்டு ஓரத்து வீடுகளில் கேட்டது. அங்கே எல்லாரும் வானொலி கேட்கிறவர்கள். சில விநாடி கழித்து, கூரையில் டிஷ் பூட்டிய வீடுகளில் தொலைக்காட்சிப் பெண் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணி முடித்தாள். இரண்டாவது சுற்று வெடி. இவர்கள் அடுப்பு மூட்டிப் பால் பானையை ஏற்றிய பிறகு, போனில் நேரலை பார்த்துக்கொண்டிருந்த சந்தி வீடுகளில் மூன்றாவது சுற்று. புத்தாண்டு அடுப்பு மூட்டப் பஞ்சாங்கத்தில் இருந்தது ஒரே ஒரு சுபநேரம். ஊருக்குக் கிடைத்ததோ நாற்பது விநாடிக்குள் மூன்று.

அதற்குப் பிறகு ஊரில் எது கெட்டாலும் பழி அந்த நாற்பது விநாடியின் மேல்தான் விழுந்தது. சுமனாவதி வீட்டுக் கிணற்று மோட்டார் எரிந்தது. கரப்பந்தாட்ட அணி பக்கத்து ஊரிடம் இரண்டு தடவை தோற்றது. "நேரம் தவறி அடுப்பு மூட்டின ஆக்கள்கிட்ட வேற என்ன எதிர்பார்க்கிறது?" என்று குளக்கட்டுக்காரர்கள் சொன்னார்கள். "நேரத்துக்கு முன்னாலேயே மூட்டினது யாரு?" என்று சந்திக்காரர்கள் திருப்பிக் கேட்டார்கள். ஒரு கல்யாணப் பேச்சுகூட இதனால் இரண்டு மாதம் தள்ளிப்போனது.

ஆகவே இந்த வருடம் மார்ச் முதல் வாரம் விகாரை மண்டபத்தில் ஊர்க் கூட்டம் கூடியது. நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் தொண்ணூற்றெட்டு வீட்டார் வந்திருந்தார்கள். விகாரையின் தலைமைப் பிக்கு சுருக்கமாகச் சொன்னார்.

"இந்த வருஷம் ஒரே மணி. விகாரை மணி அடிச்ச பிறகுதான் யாரும் தீக்குச்சி உரசணும்."

"மணியை எதைப் பாத்து அடிக்கிறது, ஹாமதுரு?" என்று பிக்குவிடம் யாரோ கேட்டார்கள்.

நலன்புரிச் சங்கச் செயலாளர் மஞ்சுல எழுந்து நின்றார். சந்தியில் போன் கடை வைத்திருப்பவர். "அதுக்கு ஏன் யோசனை? என் போன்ல விநாடி வரைக்கும் வருது."

"உன் போனைப் பாத்துத்தானே போன வருஷம் நாங்க பால் பொங்கி இறக்கின பிறகு நீ வெடி போட்ட?" பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல். மண்டபம் முழுக்கச் சிரிப்பு.

"அப்ப டிவி?"

"எந்த சேனல்?"

"ரேடியோ?"

"எந்த வீட்டு ரேடியோ?"

சத்தம் கூடியது. பிக்கு விசிறியை மடியில் வைத்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். அப்போதுதான் இனோகா எழுந்தாள்.

இனோகா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வயது இருபத்தொன்பது. தென்னந்தும்பு ஆலைத் தொழிலாளியின் இளைய மகள். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடத்தில் முதல் தடவை தேறவில்லை, இரண்டாம் தடவைதான் தேறினாள். இதை மறைக்க வேண்டியதில்லை. தேறாமல் போன அந்த ஒரு வருடம்தான் அவளை ஆசிரியை ஆக்கியது. ஒரு கணக்கு எந்த இடத்தில் வழுக்குகிறது என்பது, வழுக்கி விழுந்த அவளுக்குத் தெரியும். பெரிய கூட்டத்தில் எழுந்து பேசுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. அன்றைக்கு எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே பிறகு விளங்கவில்லை.

"மூணாம் வகுப்புச் சுவர்ல முள்ளு வச்ச மணிக்கூடு ஒண்ணு இருக்கு. அது யாருடைய வீட்டு மணிக்கூடும் இல்ல. அதைக் கொண்டுவந்து மணிக்கொட்டகைத் தூண்ல மாட்டுவோம். என் வகுப்புப் பிள்ளைங்க நேரம் பாத்து அடிப்பாங்க."

மஞ்சுல சிரித்துக்கொண்டே திரும்பினார்.

"மிஸ், கோவிச்சுக்காதீங்க. என் மகன் செனுலும் உங்க வகுப்புத்தான். நேத்து வீட்டு மணிக்கூட்டைக் காட்டி, நேரம் என்னடான்னு கேட்டேன். 'அப்பா, அதுல நம்பர் வரல்ல, சார்ஜ் போட்டுட்டுப் பாருங்க'ன்னான்."

சிரிப்பில் மண்டபத்து ஓடுகள் அதிர்ந்தன. இனோகாவும் சிரித்தாள், வேறு என்ன செய்வது? ஆனால் பிக்கு கண்ணைத் திறந்தார். "பிள்ளைங்க யாருடைய கட்சியும் இல்ல. நல்லது. அவங்களே அடிக்கட்டும்" என்று விசிறியைக் கையில் எடுத்தார். கூட்டம் முடிந்தது.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் இனோகா கணக்குப் பார்த்தாள். பன்னிரண்டு நாளுக்கு முன்புதான் வகுப்பில் ஒரு சின்னச் சோதனை வைத்திருந்தாள். பதினேழு பிள்ளைகளில் சுவர்க் கடிகாரத்தைச் சரியாக வாசித்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் குருட்டாம்போக்கில் சொன்னவன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னாள். அக்கா ரம்யலதா பன்னிரண்டு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்று, தையல் மிஷினில் உட்கார்ந்து, தங்கையைப் படிக்கவைத்தவள். பள்ளிச் சீருடை தைப்பதுதான் தொழில். தங்கையை 'நங்கி' என்றுதான் கூப்பிடுவாள்.

"நங்கி, ஊர் அடுப்பு முழுக்கப் பிள்ளைங்க கையில குடுத்துட்டா வந்திருக்கிற?"

"ஆமா அக்கா."

"அதுங்களுக்கு மணிக்கூடு பாக்கத் தெரியுமா?"

"தெரியாது."

ரம்யலதா மிஷினை நிறுத்தினாள். "பிழைச்சுப்போச்சுன்னா அடுத்த சித்திரை வரைக்கும் யாருக்குத் தலைவலி வந்தாலும் உன் பேருதான் சொல்லுவாங்க. வேற ஊருக்கு மாற்றம் கேட்டுட்டுத்தான் போகணும்."

"தெரியும்."

"அப்ப என்னத்துக்கு இங்க நிக்கிற? பெட்டியில ஒரு வெள்ளைப் பெட்ஷீட் இருக்கு, எடுத்துட்டு வா."

ஆறு அடி அகலத்தில் ஒரு துணிக் கடிகாரம் தைப்பது என்று முடிவாயிற்று. தரையில் விரித்துப் போட்டுப் பிள்ளைகள் ஏறி நடக்கலாம். ரம்யலதா வட்டத்தை வெட்டி, விளிம்போடு நாடாவைப் பிடித்து, மூன்றேமுக்கால் அங்குலத்துக்கு ஒரு நிமிடக் கோடு என்று கறுப்பு நூலால் தைத்துக்கொண்டே போனாள். அறுபதாவது கோடு முடிந்தபோது, அதற்கும் முதல் கோட்டுக்கும் இடையில் மற்ற இடைவெளிகளைவிட ஒன்றேகால் அங்குலம் கூடுதலாக நின்றது.

"பரவாயில்ல அக்கா, ஒண்ணேகால் அங்குலம்தானே?"

"கடைசி நிமிஷம் மட்டும் நீளமா இருந்தா அது என்ன மணிக்கூடு?" என்று சொல்லி அறுபது கோட்டையும் பிரித்தாள். பிறகு துணியை நான்காக மடித்தாள். பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது வந்தன. ஒவ்வொரு கால் பங்கையும் மூன்றாக மடித்தாள். மற்ற எண்கள் வந்தன. ஒவ்வொரு மடிப்பையும் ஐந்தாகப் பிரித்தாள். இரண்டாம் நாள் அறுபது கோடும் ஒன்றுக்கொன்று பிசகாமல் நின்றன.

மறுநாள் வகுப்பில் துணியை விரித்ததும் பதினேழு பிள்ளைகளும் கத்திக்கொண்டு அதன் மேல் பாய்ந்தார்கள். இனோகா பெரிய முள்ளைக் கொடுக்கவே இல்லை. முருங்கைக் கம்பில் செய்த சின்ன முள்ளை மட்டும் நடுவில் வைத்தாள்.

"பெரிய முள்ளு எங்க மிஸ்?" என்று கேட்டான் செனுல். எதையும் முதலில் சொல்லிவிட வேண்டும் அவனுக்கு.

"அது லீவுல போயிருக்கு. சின்ன முள்ளு மட்டும் வேலைக்கு வந்திருக்கு. இப்ப நேரம் என்ன?"

முள் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் கிடந்தது. "எட்டு!" "ஒன்பது!" "எட்டரை!" என்று மூன்று பக்கத்திலிருந்தும் சத்தம். நடுவில் கிடந்தால் எட்டரை என்பது ஒருவழியாகப் பிடிபட்டது. ஆனால் முள்ளை ஒன்பதுக்கு மிக அருகே தள்ளியதும் முழு வகுப்பும் "ஒன்பது!" என்றது. எவ்வளவு சொன்னாலும் ஒன்பதுதான். கிட்டே இருப்பது ஒன்பதுதானே? மூன்று நாள் அதே இடத்தில் வண்டி நின்றது. அந்த மூன்று நாளும் இனோகா வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை.

நாலாம் நாள் தினுகி வாயைத் திறந்தாள். டிராக்டர் ஓட்டுகிறவரின் மகள். கணக்குக் கொப்பியில் அதிகம் சிவப்பு மை வாங்குகிற பிள்ளை, கேட்டாலும் பேசாது. அன்று துணியின் மேல் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"மிஸ், இது எட்டோட வீடு."

"எது?"

"இந்த இடம் முழுக்க." எட்டிலிருந்து ஒன்பது வரைக்கும் கையால் தடவிக் காட்டினாள். "எட்டு இந்த வீட்டு வாசல். ஒன்பது அடுத்த வீட்டு வாசல். முள்ளு ஒன்பதுகிட்ட வந்து நிக்குது. ஆனா உள்ள போகல்ல. எட்டோட வீட்டுலதான் இருக்கு."

இனோகா அந்த இடத்தைத் தானும் கையால் தடவிப் பார்த்தாள். நான்கு நாளாக அவள் தேடிக்கொண்டிருந்த வார்த்தை அது. செனுல் பாய்ந்து ஒன்பதுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "டக் டக்! வீட்ல யாருமில்லையா?" என்று கதவு தட்டினான். ஒவிந்து ஒன்பதின் வீட்டுக்குள்ளிருந்து, "ஏழு நிமிஷம் கழிச்சு வா!" என்று கத்தினான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அன்று மதியம் வரைக்கும் வேறு பாடமே நடக்கவில்லை. பன்னிரண்டு வீட்டுக்கும் ஆள் குடியேறியது. வீட்டுக்குப் போகும்போது தினுகி நாலு பேர் நடுவில் நடந்துபோனாள். அதுவரை அவள் கடைசியில் தனியாக நடக்கிற பிள்ளை.

பெரிய முள் லீவு முடிந்து வந்தது. மார்ச் கடைசியில் பதினேழில் பதினைந்து பேர் சரியாக வாசித்தார்கள். இனோகாவுக்குத் துணிச்சல் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து ஐம்பதுக்கு அடிக்க வேண்டிய இடைவேளை மணியை செனுலின் கையில் கொடுத்தாள்.

செனுல் ஒன்பது ஐம்பதுக்கு அடித்துவிட்டான்.

நூற்று நாற்பது பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடினார்கள். பள்ளி அதிபர் வெளியே வருவதற்குள் பாதிப் பேர் சாப்பாட்டுப் பெட்டியைக் காலி செய்திருந்தார்கள். செனுல் மணிக்கம்பத்துக்கு அடியில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். "பெரிய முள்ளு பத்துல இருந்துது மிஸ். சின்ன முள்ளும் பத்துகிட்ட இருந்துது. அவசரத்துல வீட்டைப் பாக்க மறந்துட்டேன்."

அதிபர் கோபிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "மிஸ், இது இடைவேளை. பரவாயில்ல. புத்தாண்டு அன்னைக்கு இப்படி நடந்தா?"

சாயங்காலத்துக்குள் கதை சந்திக்குப் போய்விட்டது. இனோகா கடையைத் தாண்டும்போது மஞ்சுல கூப்பிட்டார். "மிஸ், நம்ம ஊர்ல இனி புத்தாண்டு ஒரு மணித்தியாலம் முன்னாலேயே வருமாமே? மற்ற ஊர்க்காரங்க வந்து பாத்துட்டுப் போகப்போறாங்க." கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "பகிடி இல்ல மிஸ். வேணாம்னு ஹாமதுருகிட்டச் சொல்லிடுங்க. உங்களுக்கும் மரியாதை, பிள்ளைங்களுக்கும் மரியாதை."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

வீட்டில் ரம்யலதா ஒரு சட்டைத் துணியை மேசையில் விரித்திருந்தாள். இனோகா பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா தோளை அளந்தாள், எழுதினாள். கையை அளந்தாள், எழுதினாள். இடுப்பை அளந்தாள். மூன்றையும் பழைய சட்டையோடு வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோலைத் தொட்டாள்.

"அக்கா, ஒரே தடவையில எல்லாத்தையும் பாத்துட முடியாதா?"

"ஒரே கண்ணு எல்லாத்தையும் பாத்தா ஏதாவது ஒண்ணைத் தவற விட்டுடும். மூணும் ஒத்து வந்தாத்தான் வெட்டுவேன்."

இனோகா எழுந்து நின்றாள். "அக்கா! மூணு பேர்!"

"எந்த மூணு பேர்?"

அதற்குள் அவள் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கியிருந்தாள். மறுநாள் வகுப்பில், எட்டு ஐம்பத்து மூன்று என்ற சுபநேரத்துக்குக் காவல் பிரித்தாள். பெரிய முள்ளுக்குக் காவல் செனுல். அவன் வேறு எதையும் பார்க்கக் கூடாது. முள் ஐம்பத்து மூன்றாம் கோட்டைத் தொட்டால் கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். விநாடி முள்ளுக்குக் காவல் ஒவிந்து. அது பன்னிரண்டுக்கு வந்தால் கை. சின்ன முள்ளுக்குக் காவல் தினுகி. முள் எட்டின் வீட்டில் இருந்தால் மட்டுமே கை. மூன்று கையும் சேர்ந்து உயர்ந்தால்தான் மற்றவர்கள் கயிற்றை இழுக்கலாம். ஒரு கை குறைந்தாலும் இழுக்கக் கூடாது, யார் சொன்னாலும்.

"ஹாமதுரு சொன்னா?" என்று ஒவிந்து கேட்டான்.

"ஹாமதுரு சொன்னாலும்."

"நீங்க சொன்னா மிஸ்?"

"நான் சொல்லவே மாட்டேன். அன்னைக்கு என் வாயில பூட்டு."

புத்தாண்டு பிறந்தது. இந்த வருடம் அடுப்பு மூட்டும் சுபநேரம் காலை எட்டு ஐம்பத்து மூன்று. வெள்ளை உடுத்து, தெற்கு நோக்கி மூட்ட வேண்டும். அதற்கு முந்திய புண்ணிய காலத்தில் யாரும் வேலை செய்யவில்லை, எதுவும் சாப்பிடவில்லை. வானம் இருண்டு தூறிக்கொண்டிருந்தது. வெயிலைப் பார்த்து நேரம் சொல்ல வழியில்லை. இனோகா ஆறு மணிக்கு வானொலியின் கடைசிப் பீப் சத்தத்தோடு வகுப்புக் கடிகாரத்தைச் சரிசெய்து, மணிக்கொட்டகைத் தூணில் தன் கையால் மாட்டினாள். கொட்டகைக்குள் வருகிறவர்கள் போனை வாசலில் உள்ள ஓலைப் பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. விதியை எழுதியவர் மஞ்சுல.

பிள்ளைகள் ஏழரைக்கே வந்துவிட்டார்கள். பதினேழு பேரும். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பாவாடை, பசித்த வயிறு. ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, நிற்க முடியாமல் நின்றார்கள். இனோகா ஒரு ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிக்கு படியில் உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரர் நாலைந்து பேர் குடைக்கடியில்.

பெரிய முள் ஐம்பத்து மூன்றை நெருங்கியது. செனுல் மூச்சைப் பிடித்தான். அவனுடைய வேலை எந்த மணி என்று பார்ப்பது அல்ல. முள் கோட்டைத் தொட்டதும் கை உயர்ந்தது.

"ஐம்பத்து மூணு!"

விநாடி முள் பன்னிரண்டுக்கு வந்தது. ஒவிந்துவின் கை உயர்ந்தது. "பன்னிரண்டு!"

அதே நேரத்தில் மஞ்சுல வாசலில் தோன்றினார். முதல் நாள் முழுக்க விளையாட்டுப் போட்டிக்குக் கொட்டகை கட்டிய களைப்பில் தூங்கிப்போய், இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருந்தார். போனை எப்படியும் வாங்கிவிடுவார்கள் என்று வீட்டிலேயே போட்டுவிட்டு வந்திருந்தார். மகனின் குரல் கேட்டது, உயர்ந்த கைகள் தெரிந்தன. கடிகாரத்தைப் பார்த்தார். சின்ன முள் எட்டில். பெரிய முள் ஐம்பத்து மூன்றில்.

"அடிங்கடா! என்ன பாத்துட்டு நிக்கிறீங்க? நேரம் போகுது!"

"ஆமா, அடிங்க, அடிங்க!" குடைக்கடியில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

கயிற்றைப் பிடித்திருந்த பிள்ளைகள் தினுகியைப் பார்த்தார்கள். தினுகியின் இரண்டு கையும் கீழே இருந்தன.

"இல்ல" என்றாள்.

"என்ன இல்ல? கண்ணு தெரியல்லையா மகள்? சின்ன முள்ளு எட்டு, பெரிய முள்ளு ஐம்பத்து மூணு. எட்டு ஐம்பத்து மூணு!" மஞ்சுல பாய்ந்து வந்து கயிற்றைப் பிடித்தார்.

இனோகாவின் வாய் திறந்தது. மூடிக்கொண்டது. ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது: சின்ன முள் எட்டில்தான் இருந்ததா? தொட்டதா, தொடவில்லையா? இவள் ஒரு சொல் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். மிஸ்தான் பார்த்துச் சொன்னாள் என்று ஆகிவிடும்.

"மாமா, முள்ளு எட்டோட வாசல்லதான் நிக்குது" என்றாள் தினுகி. கை இறங்கியே இருந்தது. "இன்னும் உள்ள போகல்ல. ஏழோட வீட்டுலதான் இருக்கு. இது ஏழு ஐம்பத்து மூணு."

"வீடாவது வாசலாவது! ஊர் முழுக்கத் தீக்குச்சியைப் பிடிச்சிட்டு நிக்குது!"

அவர் கயிற்றை இழுக்கக் கையை உயர்த்தினார். உயர்த்திய கையில் செனுல் தொங்கினான். ஒரு மகன் தகப்பன் கையில் எப்படித் தொங்குவானோ அப்படியல்ல. மாட்டுக் கயிற்றில் தொங்குகிற மாதிரி, இரண்டு காலும் தரையை விட்டு.

"அப்பா! விடுங்க! தினுகி சொல்றது சரி! நான் ஒருக்கா இதே பிழைதான் விட்டேன்! இதே மாதிரிதான்! அப்பா!"

மஞ்சுல கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்தார். இந்தத் தடவை சின்ன முள்ளை மட்டும் பார்த்தார். அது எட்டைத் தொடவில்லை. ஒரு நெல்மணி அகலம் பாக்கி இருந்தது.

கயிறு அவர் கையிலிருந்து மெல்ல நழுவியது. குடைக்கடியில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. படியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தலைமைப் பிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சுல, உட்கார். இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு. சார்ஜ் ஏறட்டும்."

பிறகு காத்திருப்பு. பிள்ளைகள் அந்த நெல்மணி அகலத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எட்டு மணியானதும், "உள்ள போயிட்டான்! உள்ள போயிட்டான்!" என்று பதினேழு பேரும் குதித்த குதியில் மரத்திலிருந்த காகங்கள் பறந்தன. எட்டேகால். எட்டரை. தூறல் நின்றது. மஞ்சுல மகனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "இப்ப எங்க நிக்குது?" என்று தணிந்த குரலில் கேட்டுக்கொண்டே இருந்தார். செனுல் நிமிராமல், "நான் பெரிய முள்ளு காவல் அப்பா. அதைத் தினுகிகிட்டக் கேளுங்க" என்றான். அவர் எழுந்து போய்த் தினுகியிடம் கேட்டார்.

ஐம்பது. ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. செனுலின் கை. ஒவிந்துவின் கை. கடைசியாகத் தினுகியின் கை, நேரே மேலே, விரல்கள் விரிந்து.

பதினாலு பிள்ளைகள் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள்.

மணி முழங்கியது. முதல் முழக்கம் முடிவதற்குள் குளக்கட்டில் வெடித்தது, சந்தியில் வெடித்தது, தென்னந்தோப்புக்கு அப்பால் வெடித்தது. எல்லாம் ஒரே சத்தமாக ஊரைப் பிடித்து உலுக்கியது. எங்கிருந்தோ ரபான் மேளம் தட்டுகிற ஒலி எழுந்தது. மரங்களுக்கு மேலே, நூற்றுப் பன்னிரண்டு அடுப்பின் முதல் புகை சேர்ந்து உயர்ந்தது. பிள்ளைகள் மணியை நிறுத்தவில்லை. அடித்துக்கொண்டே இருந்தார்கள். தினுகி தூக்கிய கையை இறக்க மறந்து நின்றாள். இனோகா அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள், பிறகு விடவில்லை.

ஒரு வழியாகப் பிள்ளைகளைப் பிக்குவிடம் ஒப்படைத்துவிட்டு இனோகா வீட்டுக்கு ஓடினாள். சமையலறையில் புதுப் பானையிலிருந்து பால் பொங்கி, கிழக்குப் பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. ரம்யலதா வெள்ளைச் சேலையில், தெற்குப் பார்த்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல் கட்டையில், நுனி கருகிய தீக்குச்சிகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"ஒரே குச்சியில மூட்டல்லையா அக்கா?"

"ஒரே குச்சியிலதான்."

"அப்ப இது?"

ரம்யலதா கொஞ்ச நேரம் பாலைக் கிண்டினாள். "அது ஏழு ஐம்பத்து மூணு."

"என்னது?"

"சுவர் மணிக்கூட்டைப் பாத்தேன் நங்கி. சின்ன முள்ளு எட்டுல, பெரிய முள்ளு சரியா நின்னுச்சு. பசி வேற. உரசிட்டேன். விறகுகிட்டக் கொண்டுபோனேன். மணிச் சத்தம் வரல்ல. பிள்ளைங்க அடிக்கல்லன்னா நேரம் ஆகல்லன்னு நினைச்சு ஊதி அணைச்சுட்டேன்."

"அறுபது கோடு தைச்ச நீயா!"

"கோடு தைச்சது நான். வீடு கட்டினது அந்தத் தினுகிப் பிள்ளைதானே?"

இனோகா சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து வாரமாக இறுகிக் கிடந்தது எல்லாம் அந்தச் சிரிப்பில் அவிழ்ந்தது. ரம்யலதா முதலில் முறைத்தாள், பிறகு அவளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசல் படலை படாரென்று திறந்தது. முற்றத்தில் பதினேழு வெள்ளைச் சட்டைகள், முன்னால் செனுல், அவனுக்கும் முன்னால் தினுகி. அவர்களுக்குப் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு மஞ்சுல.

"மிஸ், சாப்பாட்டுச் சுபநேரம் பத்து முப்பத்தாறு! அதுக்கும் நாங்கதானே அடிக்கணும்?"

"இப்ப என்ன நேரம்?" என்று இனோகா உள்ளேயிருந்தே கேட்டாள்.

ஜன்னல் வழியாகச் சுவர்க் கடிகாரத்தை எட்டிப் பார்க்கப் பதினேழு தலைகள் முட்டின. அவற்றுக்கு மேலே பதினெட்டாவதாக மஞ்சுலவின் தலை.

"ஒன்பதோட வீடு!" முதலில் கத்தியவர் அவர்தான்.

"போ நங்கி" என்றாள் ரம்யலதா. "பாற்சோறு ஆறாம நான் பாத்துக்கிறேன். மணி கேட்டாத்தான் மூடியைத் திறப்பேன்."